ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட் கூட்டு செர்வர்: குழு செத்துக்கொண்டே இருந்தால் எங்கே பார்ப்பது

ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட் என்ற ஜாம்பி உயிர்பிழைப்பு ஆட்டத்தில் நாலைந்து பேர் ஒரே வீட்டில் தங்கி ஆடும் குழுக்களுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான். எங்கள் செர்வரில் சேரும் ஒவ்வொரு புதுக் குழுவும் இரண்டாவது வாரத்தில் இதே கேள்விகளோடு வருகிறது: வீட்டைச் சுற்றி ஏன் இவ்வளவு கூட்டம், இவனைக் கடித்ததா இல்லையா, வைத்த பெட்டியில் பொருள் எங்கே. கொஞ்ச நாளில் "உலகத்தையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் இதை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பல மாதம் கட்டிய வீட்டை அழிக்கும் அளவுக்கு எதுவும் பழுதாகியிருக்காது. யார் பொறுப்பிலும் விடப்படாத ஒரு சின்ன வேலைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இங்கே உள்ள எண்கள் 2021 டிசம்பரில் மல்டிபிளேயரோடு நிலையான பதிப்பாக வந்த 41ஆம் பில்டுக்கானவை. அதுவும் இயல்பு அமைப்பில் உள்ளபடி. உங்கள் அட்மின் எதையாவது மாற்றியிருந்தால் அவர் சொல்வதே கணக்கு. 42ஆம் பில்டில் நிறைய மாறிவிட்டதால் அதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது

உடனே அடிக்க இறங்காதீர்கள். ஆட்டக் கணக்கில் ஒரு பகல் முழுக்க ஒருவர் மாடி ஜன்னலில் நின்று பார்க்கட்டும். எந்தப் பக்கமிருந்து வருகின்றன, எப்போது வருகின்றன என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வண்டி திரும்பிய கொஞ்ச நேரத்தில், வண்டி வந்த சாலை வழியாகவே வந்தால்: பொருள் எடுக்கப் போனவர்கள் வாலையும் சேர்த்து இழுத்து வருகிறார்கள். நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் கோளாறு. என்ஜின் சத்தம் கேட்டுத் திரும்பிய ஜாம்பி, வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அந்தத் திசையிலேயே நடக்கும். இதைச் சரிசெய்யச் செலவே கிடையாது. நேராக வீட்டு வாசலுக்கு ஓட்டாதீர்கள். வீட்டைத் தாண்டி வேறு பக்கம் ஓட்டி, ஒரு சுற்று சுற்றி, பின்னால் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே திரும்புங்கள். என்ஜினைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுக் கடைசித் தூரத்தை நடந்து வாருங்கள். நடக்கும்போதும் பின்னால் வந்தால் இரண்டு வேலிகளைத் தாண்டிக் குதித்து, ஒரு கட்டடத்தைச் சுற்றி மறையுங்கள். வேலியில் தடுக்கி விழுந்து எழுவதற்குள் அவற்றுக்கு நீங்கள் போன தடம் விட்டுப்போகும். வண்டியில் இருக்கும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடும்போது, ஒருவர் மட்டும் சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். அது யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

யாரும் வெளியே போகாத நாளிலும் வந்தால்: சத்தம் உள்ளேயிருந்து போகிறது. முதலில் டிவியும் ரேடியோவும். முதல் வாரத்தில் 'லைஃப் அண்ட் லிவிங்' சேனலில் தச்சு, சமையல் நிகழ்ச்சிகள் பார்த்துத் திறன் ஏற்றிக்கொள்வது நல்ல பழக்கம். பார்த்து முடித்ததும் யாரும் அணைப்பதில்லை. அடுத்தது மரம் வெட்டுவதும் சுத்தியல் வேலையும். அதற்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் வாசலில் காவல் வையுங்கள். க்யூ விசையைக் கை தவறி அழுத்தினால் உங்கள் ஆள் கத்துவான். புதிதாக ஆடுபவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சளி பிடித்தவர் தும்முவதும் கேட்கும், கையில் டிஷ்யூ இருந்தால் சத்தம் அடங்கும். ஜெனரேட்டரும் பக்கத்தில் இருப்பவற்றை இழுக்கும். ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள், கரண்ட் தேவைதானே.

துப்பாக்கி வெடித்த பிறகு வந்தால்: இதில் சோதிக்க எதுவும் இல்லை. வீட்டுக்கு அருகில் சுடக்கூடாது என்று பேசி முடிவெடுங்கள். ஷாட்கன் பத்து பேரைச் சாய்த்தால் அடுத்த தெருவிலிருந்து அதைவிட அதிகமாக வரும்.

ஒரே நாளில் நாலா பக்கமிருந்தும் வந்தால், மேலே சத்தம் கேட்டால்: ஹெலிகாப்டர். இயல்பு அமைப்பில் ஒரே ஒரு முறை, முதல் இரண்டு வாரத்துக்குள், வழக்கமாக 6 முதல் 9ஆம் நாளுக்குள் வரும். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் தலைக்கு மேலேயே சுற்றும். அவர் வீட்டில் இருந்தால் ஊரே வீட்டுக்கு வரும். ரேடியோவில் தானியங்கி அவசர ஒலிபரப்பு வானிலையோடு வான்வழி நடமாட்டத்தையும் சொல்லும். அந்த வாரம் முழுக்கக் காலையில் ஒருவர் அதைக் கேட்டுவிட வேண்டும். அறிவிப்பு வந்துவிட்டால், ஹெலிகாப்டர் யாரைத் தொடர்கிறதோ அவர் வண்டியில் ஊருக்கு வெளியே போகட்டும். மற்றவர்கள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

அடித்துச் சுத்தம் செய்த தெரு மறுபடி நிறைந்தால்: மறுபிறப்பு அமைப்பு. ஒரு பகுதியை 16 மணி நேரம் யாரும் பார்க்காவிட்டால் அங்கே மறுபடி தோன்றும் வாய்ப்பு உண்டு. 72 மணிக்கு ஒருமுறை கணக்கு ஓடும். எல்லாம் ஆட்டத்து மணி. தினமும் ஒரு முறை தெருவைச் சுற்றி வருவதே மலிவான தீர்வு. அது போதவில்லை என்றால் அட்மினைக் கூப்பிடுங்கள். மறுபிறப்பைக் குறைப்பதோ நிறுத்துவதோ அவர் கையில். குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு மட்டும் கேளுங்கள். சிலருக்கு அந்த ஆபத்து இல்லாமல் ஆட்டமே இல்லை.

இத்தனையும் பார்த்துவிட்டு மாற்றம் இல்லை என்றால் இடமே தப்பு. ஆட்டத்து ஊர்களான மல்ட்ராவின் பெரிய சாலையிலோ வெஸ்ட் பாயிண்டின் நடுவிலோ வீடு எடுத்திருந்தால் எத்தனை பலகை அடித்தாலும் நிம்மதி இருக்காது. ஊர் விளிம்புக்கு, அல்லது ஜாம்பி குறைந்த ரோஸ்வுட் ஊர்ப் பக்கம் போங்கள். அங்கே காவல் நிலையமும் தீயணைப்பு நிலையமும் உண்டு. வீடு மாறுவதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான தீர்வு. அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

## ஒருவருக்கு உடம்பு சரியில்லை, கடியா என்று தெரியவில்லை

இந்த இடத்தில் குழுக்கள் அவசரப்பட்டு நல்ல ஆளைக் கொன்றுவிடுகின்றன. அல்லது பாசத்தில் காத்திருந்து நடுராத்திரி மாட்டிக்கொள்கின்றன. நிதானமாகப் போங்கள்.

அவர் மேல் வலது கிளிக் செய்து மருத்துவச் சோதனையைத் திறங்கள். முதலுதவித் திறன் அதிகம் உள்ளவர் பார்ப்பது நல்லது. தலை, கழுத்து, முன்கை என்று ஒவ்வொரு உறுப்பாகப் பாருங்கள்.

காயமே இல்லை: இயல்பு அமைப்பில் நோய் காயத்தின் வழியாகத்தான் ஏறும். ஆகவே இது வேறு ஏதோ. வீட்டு வாசலில் பிணங்களைக் குவித்து வைத்திருக்கிறீர்களா? பிணக்குவியலுக்குப் பக்கத்தில் இருந்தாலே திரையின் ஓரத்தில் குமட்டல் குறி வரும், விட்டால் முற்றும். அவரைத் தெரு தாண்டிக் கூட்டிப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். குறி இறங்கினால் பிணங்களை எரிக்கவோ புதைக்கவோ செய்யுங்கள், அவ்வளவுதான். இறங்கவில்லை என்றால் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். கெட்டுப்போன உணவு, வேகாத கறி, கொதிக்க வைக்காத மழைத்தண்ணீர் எல்லாமே இதே குறியைத்தான் காட்டும். ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்துப் பாருங்கள். ஈர உடையோடு குளிரில் திரிந்தவருக்குத் தும்மல் வந்தால் அது சளி. உடையை மாற்றச் சொல்லுங்கள்.

காயம் இருக்கிறது, "தொற்று" என்று காட்டுகிறது: இதைப் பார்த்துத்தான் பலர் அலறுகிறார்கள். காயத்தின் பெயரோடு வரும் அந்தக் குறிப்பு புண் சீழ் பிடித்ததைச் சொல்கிறது, ஜாம்பி நோயை அல்ல. கட்டை அவிழ்த்து, கிருமிநாசினி ஊற்றி, சுத்தமான துணியால் மறுபடி கட்டுங்கள். கட்டு அழுக்கானதும் மாற்றுங்கள். ஆறிவிடும்.

கீறல் அல்லது வெட்டு: கீறலுக்கு 7 சதவீதம், தோல் கிழிந்த வெட்டுக்கு 25 சதவீதம் வாய்ப்பு. அதாவது கீறல் பட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மேலே சொன்ன பிணம், சாப்பாடு, சளி மூன்றையும் விலக்கிவிட்டுக் காத்திருங்கள். நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தமான கட்டு எல்லாம் இருந்தும் குமட்டல் கூடிக்கொண்டே போய்க் காய்ச்சலும் ஏறினால் அது நோய்தான். அதுவரை அவரைத் தனி அறையில் தங்க வையுங்கள், கதவைச் சாத்துங்கள். வெளியே துரத்தாதீர்கள். ஒரு கீறலுக்காகத் துரத்தப்பட்டவர் அடுத்த முறை காயத்தை மறைப்பார். அந்த மறைப்புதான் வீட்டையே அழிக்கும்.

கடி: இயல்பு அமைப்பில் 100 சதவீதம். மருந்து எதுவும் கிடையாது, இரண்டு மூன்று நாளில் முடிவு. யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை, அட்மினையும் சேர்த்துத்தான். அமைப்பை மாற்றச் சொல்லிக் கெஞ்சும் குழுக்கள் உண்டு. நான் சேர்ந்து ஆடும் குழுவில் அதைச் செய்வதில்லை. அந்த இரண்டு நாள் வீண் போக வேண்டியதுமில்லை. வண்டிச் சாவியை யாரிடமாவது கொடுக்கட்டும். பெல்ட்டில் மாட்டிய கோடரி, பையில் இருக்கும் ஆணி டப்பா, பாதி படித்த தச்சுப் புத்தகம் எல்லாவற்றையும் மேஜைமேல் வைக்கட்டும். யாரும் போகத் துணியாத மருந்துக் கடைக்கோ துப்பாக்கிக் கடைக்கோ அவர் முன்னால் போகலாம். எடுத்ததைப் பிறர் சுமந்து வரலாம். காய்ச்சல் ஏறியதும் அவர் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இறந்தவர் எழுவார். உள்ளே எழுந்தால் அடுத்த அறையில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவரைத்தான் முதலில் கடிப்பார்.

## வெளியே போகும் பயணத்தில் ஒவ்வொரு முறையும் ஒருவர் சாகிறார்

செத்தவரைக் கேட்காதீர்கள், கூடப் போனவரிடம் கேளுங்கள்: கடைசியாக அவரைத் திரையில் எப்போது பார்த்தாய்? "கொஞ்ச நேரம் ஆச்சு" என்று பதில் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஆளுக்கொரு வீட்டைத் தேடினால் வேகமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் குளியலறைக் கதவைத் திறந்து மாட்டிக்கொண்டவரை அடுத்த வீட்டுக்காரரால் காப்பாற்ற முடியாது. இருவர் இருவராகப் போங்கள், ஒருவர் பெட்டியைத் திறக்கும்போது மற்றவர் கதவைப் பார்க்கட்டும்.

சேர்ந்தே இருந்தும் சாகிறார்கள் என்றால் திரையின் வலப்பக்கக் குறிகளைப் பாருங்கள். மூச்சிரைப்பு ஏறினால் அடியில் பலம் இருக்காது, பயம் ஏறினாலும் அப்படித்தான். சுமை அதிகமானால் மூச்சிரைப்பு சீக்கிரம் வரும். ஆகவே சண்டை வந்ததும் பையைக் கீழே போடுங்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம். குறி இரண்டாம் படிக்கு ஏறியவர் அதை வாய்விட்டுச் சொல்லிப் பின்னால் வர, இன்னொருவர் முன்னால் போக வேண்டும். இந்த மாற்றிக்கொள்ளும் பழக்கம் வந்த குழுவை நாலு பேராக வந்த சின்னக் கூட்டம் ஒன்றும் செய்ய முடியாது. தனியாளாக ஆடும்போது இந்த வசதி கிடையாது, கூட்டாக ஆடுவதன் முழுப் பலனும் இங்கேதான்.

சொந்த ஆளே வெட்டிவிட்டால், ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தாக்க விடும் பிவிபி அமைப்பு திறந்திருக்கிறது. உங்கள் பாதுகாப்புக் குறியைச் சொடுக்கி மாற்றுங்கள். வெறும் கூட்டுறவு செர்வர் என்றால் பிவிபியை முழுவதுமாக மூடிவிடும்படி அட்மினிடம் சொல்லுங்கள்.

## கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் வேலை செய்யவில்லை

கரண்டும் தண்ணீரும் தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ஏதோ ஒரு நாள், தனித்தனியாகப் போகும். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. ஜெனரேட்டர் சிக்கலை இப்படிப் பிரியுங்கள்.

*இணைக்கும் வாய்ப்பே வலது கிளிக்கில் வரவில்லை:* அந்த ஆள் ஆட்டத்துக்குள் கிடைக்கும் ஜெனரேட்டர் இதழைப் படிக்கவில்லை. ஒருவர் படித்தால் எல்லோருக்கும் வராது, தொட வேண்டிய ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் தொழிலில் தொடங்கியவருக்கு மட்டும் இதழ் வேண்டாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள்.

*ஓடுகிறது, வீட்டில் கரண்ட் இல்லை:* இணைத்தீர்களா என்று பாருங்கள், ஓட விடுவது வேறு, இணைப்பது வேறு. இணைத்திருந்தால் தூரம் பாருங்கள், ஏறத்தாழ 20 கட்டத்துக்கு மேல் எட்டாது.

*அடிக்கடி நிற்கிறது:* எரிபொருள் அல்லது நிலை. அணைத்துவிட்டு எலக்ட்ரானிக் சில்லறைகளால் பழுது பாருங்கள். நிலை மிகவும் குறைந்த ஜெனரேட்டர் தீப்பிடிக்கும்.

மழைக்கு நனைகிறதே என்று அதை வீட்டுக்குள் தூக்கி வைக்காதீர்கள். புகை எல்லோரையும் கொன்றுவிடும். கரண்ட் போன பிறகு பெட்ரோல் பம்ப் ஓடாது, அதற்கே ஒரு ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டும். முதல் வாரத்திலேயே கேன்களை நிரப்பியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீருக்கும் அப்படியே: பானை, பாட்டில் எல்லாவற்றையும் குழாய் நிற்கும் முன் நிரப்புங்கள், மழைத்தொட்டி கட்டுங்கள், கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

"நாங்கள் ஆடாத நாட்களிலும் சாப்பாடு கெட்டுப்போகிறது, பெட்ரோல் தீர்கிறது" என்று சிலர் சொல்வார்கள். செர்வரில் யாருமே இல்லாவிட்டால் நேரம் நிற்கும் என்பது இயல்பு அமைப்பு. ஒரே ஒருவர் உள்ளே இருந்தாலும் எல்லோருக்கும் நேரம் ஓடும். யார் தனியாக உள்ளே இருக்கிறார் என்று பாருங்கள். ஆட்டத்தை மூடாமல் தூங்கப் போனவராகத்தான் இருக்கும்.

## வண்டி கிளம்பவில்லை

பெட்ரோல், பேட்டரி, சாவி, இந்த வரிசையில். சாவி இல்லையென்றால் கொள்ளையர் தொழில் எடுத்தவரைக் கூப்பிடுங்கள், அல்லது மெக்கானிக் திறன் 2, எலக்ட்ரிகல் திறன் 1 உள்ளவர் கம்பியை ஒட்டிக் கிளப்பலாம். என்ஜின் தரம் குறைவு என்றால் பலமுறை திருக வேண்டியிருக்கும், ஒவ்வொரு திருகலும் சத்தம். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

## வைத்த பொருள் காணோம்

திருட்டு என்று பேச்செடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். தொப்பி, கண்ணாடி போன்ற சில பொருட்களைத் தரையில் போட்டால் செர்வரே கொஞ்ச நேரத்தில் நீக்கிவிடும். பெட்டிக்குள் வையுங்கள். இரண்டாவது, செர்வர் திடீரென்று நின்று எழுந்ததா? அப்படியானால் கடைசியாகச் சேமித்த நிலைக்குப் போயிருக்கும், எல்லோருக்கும் ஏதாவது குறைந்திருக்கும். மூன்றாவது, வீட்டைப் பாதுகாப்பு வீடாக உரிமை கோரினீர்களா, அதில் எல்லோர் பெயரும் இருக்கிறதா? இயல்பு அமைப்பில் 144 மணி நேரம், அதாவது ஆறு நாள், உறுப்பினர் யாரும் வராவிட்டால் உரிமை போய்விடும். இது நிஜ உலக நேரம். தேர்வுக் காலத்தில் ஒரு வாரம் ஆடாமல் இருந்த குழுக்கள் இப்படித்தான் வீட்டை இழக்கின்றன. ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது யாராவது உள்ளே வந்து போவதை முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் இல்லை என்றால் அட்மினிடம் போங்கள். பதிவுக் கோப்புகளைப் பார்க்க அவரால் முடியும். ஆளைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல், எந்தப் பெட்டி, கடைசியாக எப்போது பார்த்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

உள்ளே வந்ததும் புது ஆளை உருவாக்கச் சொல்கிறதா? பயனர் பெயரை முன்பு எழுதியபடியே எழுதினீர்களா என்று பாருங்கள். பழைய ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புது ஆளை உருவாக்காமல் வெளியே வந்து சரியான பெயரோடு மறுபடி நுழையுங்கள்.

## செர்வருக்குள் நுழைய முடியவில்லை, அல்லது ஜாம்பி இடம் விட்டு இடம் தாவுகிறது

*வொர்க்‌ஷாப் பதிப்பு பொருந்தவில்லை என்று செய்தி வந்தால்:* ஏதோ ஒரு மோட் (ஆட்டத்தை மாற்ற வெளியார் செய்த கூடுதல் தொகுப்பு) புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீமை மூடித் திறங்கள். போகவில்லை என்றால் அந்த மோடின் சந்தாவை நீக்கி மறுபடி போடுங்கள். எல்லோருக்கும் அதே செய்தி என்றால் செர்வரைத்தான் மறுதொடக்கம் செய்ய வேண்டும், அட்மின் வேலை. அவர் ஜன்னலை நேராக மூடாமல் கட்டளை வரியில் சேமித்துவிட்டு வெளியேறட்டும்.

*கோப்பு பொருந்தவில்லை என்றால்:* ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டுங்கள்.

*நண்பரின் கணினியில் ஓடும் செர்வர் வெளியிலிருந்து தெரியவே இல்லை:* முதலில் ஆட்டத்துக்குள் இருக்கும் ஹோஸ்ட் வழியில் ஸ்டீம் அழைப்பு அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். தனி செர்வர் என்றால் 16261, 16262 ஆகிய யுடிபி போர்ட்டுகள் ரவுட்டரிலும் ஃபயர்வாலிலும் திறந்திருக்க வேண்டும். திறந்தும் வரவில்லை என்றால் ரவுட்டர் பக்கத்தில் காட்டும் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள ஏதாவதொன்றில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போடுகிறது. அப்போது நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பலனில்லை. எல்லோரும் ஒரு மெய்நிகர் உள்வலை மென்பொருளைப் போட்டுக்கொள்வது செலவில்லாத வழி. அது ஒத்துவரவில்லை என்றால் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுத் தனிப் பொது முகவரி கேளுங்கள், வழக்கமாக அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

*தாவல், தாமதம்:* ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போட்டுப் பார்க்கட்டும். வண்டியில் போகும்போது மட்டும் என்றால் வேகத்தைக் குறையுங்கள். வரைபடம் ஏறி முடிக்கும் முன் ஓட்டினால் இல்லாத கூட்டத்தின் நடுவில் போய் நிற்பீர்கள். எல்லோருக்கும், எப்போதும் என்றால் மோட்களைப் பாதி பாதியாக நிறுத்தி எது என்று கண்டுபிடியுங்கள். தொடங்கும் முன் காப்புப் பிரதி எடுங்கள். வரைபட மோடை மட்டும் நடுவில் எடுக்க வேண்டாம், அங்கே கட்டியவை போய்விடும். பிறகு செர்வருக்கு ஒதுக்கிய நினைவகத்தைக் கூட்டுங்கள்.

வாடகை செர்வரில் இத்தனையும் செய்து தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். "லேக் அடிக்கிறது" என்று மட்டும் எழுதினால் மறுதொடக்கம் செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள். தாமதம் வந்த நேரம், அப்போது உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், மோட் பட்டியல், அந்த நேரத்துப் பதிவுக் கோப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். மோட் இல்லாமலும் அதே தாமதம் வருகிறது என்று சோதித்துவிட்டு எழுதினால் அவர்களால் மோடைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.